உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் திறக்கும் கதவு

உடல்நலப் பாடம்
(குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுவதற்காக)



போன கோடையில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சந்தா வசூல் முடிந்தது. உள்கடன் கேட்பவர்களின் மனுவை ஊக்குனர் வாசித்தார். ஒரு தங்கச்சி 3,000 ரூபாய் கேட்டிருந்தாள். காரணம், "குழந்தை வைத்தியச் செலவு". ஒண்ணரை வயசுப் பிள்ளைக்கு வயித்தாலே போய், ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து டிரிப் ஏத்தி, அப்புறம்தான் கண்ணு முழிச்சதாம்.

"வீட்டுல உப்பு சர்க்கரைத் தண்ணி கொடுக்கலையா?" என்று கேட்டேன்.

"கொடுத்தேன்க்கா. உப்பு போட்டா பிள்ளை துப்புதுன்னு சர்க்கரை மட்டும் போட்டு நல்லா இனிப்பா கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்க இன்னும் அதிகமாத்தான் போச்சு."

கூட்டத்தில் இருந்த 16 பேரிடமும் கேட்டேன். "அந்தத் தண்ணியில சர்க்கரை எதுக்குப் போடுறோம்?" எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "ருசிக்கு!"

அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு வயசான அம்மா மெதுவாகப் பேசினார். "எங்க காலத்துல தண்ணியே கொடுக்க விடமாட்டாங்க. தண்ணி கொடுத்தா இன்னும் போகும்னு சொல்வாங்க. என் மூத்தது தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே போச்சு." அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டமும் பேசவில்லை.

அன்றைக்கே இந்தப் பாடத்தை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். சர்க்கரை ருசிக்காகப் போடுவது இல்லை. உப்பையும் ருசிக்காகப் போடுவது இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் நம் குடலில் ஒரு கதவு திறக்கும். அது எந்தக் கதவு, எப்படித் திறக்கிறது என்று தெரிந்துகொண்டால், அளவை யாரும் நமக்கு மனப்பாடம் செய்து வைக்கத் தேவையில்லை. காரணம் தெரிந்த கை தப்பாகக் கலக்காது.

1. நம் உடம்பு கோடிக்கணக்கான சிறு வீடுகள்

நம் உடம்பு செல்களால் ஆனது. செங்கல் செங்கலாக அடுக்கி வீடு கட்டுகிற மாதிரி, செல் செல்லாக அடுக்கி உடம்பு கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு செல்லையும் ஒரு சிறு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குச் சுவர் வேண்டும் அல்லவா? அந்தச் சுவருக்குப் பெயர் செல் சவ்வு.

இந்தச் சவ்வு எவ்வளவு மெல்லியது தெரியுமா? நம் தலைமுடியின் தடிமனைப் பத்தாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் வரும். அது எதனால் ஆனது? பெரும்பாலும் கொழுப்பால். குழம்பின் மேல் எண்ணெய் மிதக்கிற மாதிரி, செல்லைச் சுற்றி இரண்டடுக்குக் கொழுப்புப் படலம் இருக்கிறது. அந்தப் படலத்தில் ஆங்காங்கே புரதத்தால் ஆன கதவுகள் பதிந்திருக்கின்றன.

எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது என்பது நமக்குத் தெரியும். அதனால் தண்ணீரில் கரைகிற உப்பு, சர்க்கரை போன்றவை இந்தக் கொழுப்புச் சுவரில் சுலபமாக நுழைய முடியாது. அவற்றுக்குக் கதவு வேண்டும். எதை விடுவது, எதை நிறுத்துவது என்பதைச் சவ்வும் அதன் கதவுகளும்தான் தீர்மானிக்கின்றன.

2. உள்ளே போக எத்தனை வழி?

முதல் வழி: தானாகப் பரவுதல்

வீட்டின் ஒரு மூலையில் சாம்பிராணி போட்டால் கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க மணக்கிறது. யாரும் அதைத் தள்ளிக்கொண்டு போவது இல்லை. அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குத் தானாகவே பரவுகிறது. இதற்குப் பரவல் என்று பெயர். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் இப்படித்தான் செல்லுக்குள் போகிறது. சவ்வு அதைத் தடுப்பது இல்லை. செலவும் இல்லை.

இரண்டாவது வழி: தண்ணீர் போகும் வழி

இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். பெயர்தான் புதுசு. வேலையை நாம் தினமும் பார்க்கிறோம்.

மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைக்கிறோம். மறுநாள் பாத்திரம் நிறையத் தண்ணி. நாம் ஒரு சொட்டுத் தண்ணி ஊற்றவில்லை. மாங்காய்க்குள் இருந்த தண்ணிதான் வெளியே வந்திருக்கிறது. காய்ந்த திராட்சையைத் தண்ணியில் போட்டால் உப்பிக்கொள்கிறது. அங்கே தண்ணி உள்ளே போகிறது. யூரியாவை அளவுக்கு மீறி வேருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் பயிர் கருகுகிறது. மண்ணில் உப்புச்சத்து ஏறிப்போய், வேர் தண்ணி குடிக்க முடியாமல் தவிக்கிறது.

மூன்றுக்கும் விதி ஒன்றுதான். உப்போ சர்க்கரையோ எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் போகும். இந்த ஒரு வரியை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மீதிப் பாடம் முழுக்க இதை வைத்துத்தான்.

தண்ணீர் போவதற்கென்றே பல செல்களில் தனி வாய்க்கால் மாதிரியான கதவுகள் உண்டு. அவற்றைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவது வழி: பம்பு வைத்து இறைத்தல்

பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தண்ணி தானாக ஏறாது. மோட்டார் போடணும், கரண்டு செலவாகும். செல்லிலும் அப்படி ஒரு பம்பு இருக்கிறது. உப்பில் உள்ள சோடியத்தை அது செல்லிலிருந்து வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். இதற்குச் சக்தி செலவாகும். நாம் சாப்பிடுகிற சாப்பாட்டில் ஒரு கணிசமான பங்கு இந்தப் பம்பை ஓட்டத்தான் போகிறது. தூங்கும்போதும் இது ஓடும். டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கவ் இதை 1957-ல் கண்டு சொன்னார். 40 ஆண்டு கழித்து, 1997-ல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பம்பு ஓடுவதால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவாக இருக்கும். அதனால் வெளியே இருக்கும் சோடியம் உள்ளே வரத் துடித்துக்கொண்டே இருக்கும். இதை வைத்துத்தான் அடுத்த வழி.

நான்காவது வழி: கூட்டுக் கையெழுத்துக் கதவு

நம் குழுவின் வங்கிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். பல குழுக்களில் ஊக்குனர் மட்டும் தனியாகப் போய்ப் பணம் எடுக்க முடியாது. பிரதிநிதி மட்டும் போனாலும் முடியாது. சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம்.

நம் சிறுகுடலின் உள்பக்கத்துச் செல்களில் இப்படி ஒரு கதவு இருக்கிறது. 2 சோடியமும் 1 குளுக்கோஸும் ஒன்றாக வந்து நின்றால்தான் அது திறக்கும். ஊக்குனர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர் மாதிரி! குளுக்கோஸ் மட்டும் வந்தால் திறக்காது. சோடியம் மட்டும் வந்தாலும் திறக்காது. உள்ளே வரத் துடிக்கும் சோடியம், குளுக்கோஸையும் கையோடு இழுத்துக்கொண்டு வருகிறது.

நாம் போடும் சர்க்கரை குடலில் உடைந்து, அதில் பாதி குளுக்கோஸாக மாறுகிறது. உப்பிலிருந்து சோடியம் கிடைக்கிறது. இரண்டும் கதவு வழியாக உள்ளே போய், மறுபக்கம் இரத்தத்துக்குப் போய்ச் சேர்கின்றன. இப்போது நம் விதியை நினைத்துப் பாருங்கள். உப்பும் சர்க்கரையும் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் போகும். அவை உள்ளே போய்விட்டன. தண்ணீரும் பின்னாலேயே உள்ளே போகிறது. பிள்ளையின் உடம்பில் தண்ணி நிற்கிறது.

இப்படி ஒரு கதவு இருக்க வேண்டும் என்று அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கிரேன் 1960-ல் எடுத்துச் சொன்னார்.

3. பேதியின்போது என்ன நடக்கிறது?

பெரியவர் ஒருவரின் குடலுக்குள் ஒரு நாளைக்குச் சுமார் 8, 9 லிட்டர் தண்ணீர் வந்து போகிறது. நாம் குடிப்பது 2 லிட்டர் அளவுதான். மற்றதெல்லாம் எச்சில், வயிற்று நீர், பித்த நீர் என்று உடம்பே ஊற்றுவது. குடல் அத்தனையையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு டம்ளர் அளவுக்கும் குறைவாகத்தான் மலத்தோடு வெளியே போகிறது. அவ்வளவு சிக்கனமான கணக்கு!

காலரா கிருமி நுழைந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அதன் விஷம், குடல் செல்லில் உப்புச்சத்து வெளியேறும் கதவைத் திறந்தபடியே வைத்துவிடுகிறது. உப்பு குடலுக்குள் கொட்டுகிறது. அதன் பின்னால் தண்ணீரும் கொட்டுகிறது. கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போகும். மற்ற பேதிகளில் இவ்வளவு வேகம் இருக்காது. ஆனால் சின்னப் பிள்ளைக்கு உடம்பில் இருக்கும் தண்ணியே கொஞ்சம். சீக்கிரம் வறண்டுபோகும்.

நமக்கு நல்ல செய்தி ஒன்று உண்டு. வெளியேறும் கதவு பழுதாகிப் போனாலும், நம் கூட்டுக் கையெழுத்துக் கதவு பழுதாவது இல்லை. காலராவிலும் அது வேலை செய்கிறது. அதனால்தான் உப்பு சர்க்கரைத் தண்ணி உயிர் காக்கிறது.

இப்போது அந்தத் தங்கச்சியின் பிள்ளைக்கு ஏன் அதிகமாகப் போயிற்று என்று பார்ப்போம். உப்பு இல்லை. அதனால் கதவு சரியாகத் திறக்கவில்லை. அளவுக்கு மீறின சர்க்கரை குடலிலேயே தங்கிவிட்டது. சர்க்கரை எங்கே அதிகமோ அங்கே தண்ணீர் போகும் அல்லவா? பிள்ளையின் உடம்பில் இருந்த தண்ணியையும் அது குடலுக்குள் இழுத்துவிட்டது. பாட்டில் குளிர்பானம், இனிப்பான ஜூஸ் கொடுத்தாலும் இதே கதைதான்.

உப்பு அதிகமானாலோ அதைவிட ஆபத்து. இரத்தத்தில் உப்பு ஏறினால் மூளைச் செல்லிலிருந்து தண்ணி வெளியே இழுக்கப்படும். உப்பில் போட்ட மாங்காய் மாதிரி. பிள்ளைக்கு வலிப்பு வரலாம். அதனால்தான் அளவு முக்கியம்.

வெறும் தண்ணி மட்டும் கொடுத்தால்? கொஞ்சம் சேரும். ஆனால் இழந்த உப்பு திரும்பாது.

4. உலகுக்குத் தெரிந்த கதை

1971-ம் ஆண்டு. வங்காளதேச விடுதலைப் போர் நடந்த சமயம். இலட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பங்கான் என்ற ஊரின் அகதி முகாமில் காலரா பரவியது. மருத்துவமனையில் தரையெல்லாம் நோயாளிகள். டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் அங்கே பொறுப்பில் இருந்தார்.

அவர் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணிக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. டிரம்களில் கலக்கி வைத்தார்கள். நோயாளியின் அம்மா, அக்கா, புருஷன் என்று கூட இருந்தவர்களே டம்ளர் டம்ளராக மொண்டு கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் 100-க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தண்ணி கொடுத்த இடத்தில் அது 100-க்கு 4 பேருக்கும் கீழே குறைந்தது. ஊசி போடத் தெரிந்த கை தேவைப்படவில்லை. டம்ளர் பிடிக்கத் தெரிந்த கை போதுமாக இருந்தது. டாக்டர் மஹாலனாபிஸ் 2022-ல் காலமானார். 2023-ல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவித்தது.

பிறகு வங்காளதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 10 ஆண்டுகள் வீடு வீடாகப் பெண் பணியாளர்களை அனுப்பியது. "மூணு விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைப்படி போல ஒரு அளவுத் தண்ணி" என்று அம்மாக்களுக்குச் செய்து காட்டினார்கள். 1 கோடியே 20 இலட்சம் வீடுகளுக்கு மேல் போனார்கள். அம்மாக்கள் எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறார்களோ அதைப் பொறுத்துத்தான் பணியாளருக்குச் சம்பளம்! எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் கற்றுக்கொண்டார்கள். நம்மாலும் முடியும்தானே?

நம் பாட்டிமார் உப்புப் போட்டுக் கொடுத்த அரிசிக் கஞ்சியும் இதே வழிதான். அரிசி மாவுச்சத்து குடலில் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து குளுக்கோஸ் ஆகிறது. உப்பு கூட வருகிறது. கதவு திறக்கிறது.

5. செய்முறை: சரியாகச் செய்வோம்

முதலில் பாக்கெட்: ஆரம்ப சுகாதார நிலையம், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி ஆகிய இடங்களில் ஓஆர்எஸ் பாக்கெட் கேளுங்கள். இதில் பொட்டாசியமும் சேர்ந்திருப்பதால் இதுதான் முதல் தேர்வு. பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணிக்கு. சின்னப் பாக்கெட்டும் உண்டு. மேலே எழுதியிருக்கும் அளவைப் பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கலக்க வேண்டும். பாதி போட்டுப் பாதி மடித்து வைக்கக் கூடாது.

2002-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பாக்கெட்டில் உப்பு, சர்க்கரை இரண்டையும் குறைத்தது. கரைசல் அடர்த்தி குறைந்தால் தண்ணி இன்னும் சுலபமாக உள்ளே போகிறது, வாந்தியும் குறைகிறது என்று தெரிந்ததால்தான்.

பாக்கெட் கிடைக்காவிட்டால்: காய்ச்சி ஆறவைத்த தண்ணி 1 லிட்டர். சர்க்கரை 6 டீஸ்பூன். உப்பு அரை டீஸ்பூன். டீஸ்பூன் தலைதட்டியதாக இருக்க வேண்டும், குவித்து அள்ளக் கூடாது. கலக்கியதும் ருசி பாருங்கள். கண்ணீரை விட உப்பாக இருந்தால் கீழே ஊற்றிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

கொடுக்கும் விதம்: ஒவ்வொரு தடவை வெளிக்குப் போன பிறகும், 2 வயதுக்குக் கீழே என்றால் 50 முதல் 100 மில்லி வரை, அதற்கு மேல் என்றால் 100 முதல் 200 மில்லி வரை. மடக்கு மடக்காக, ஸ்பூனால் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். கலக்கியது 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது.

துத்தநாக மாத்திரை: செவிலியர் 14 நாளுக்குத் தருவார். 2 மாதம் முதல் 6 மாதம் வரை 10 மில்லிகிராம், அதற்கு மேல் 5 வயது வரை 20 மில்லிகிராம். பேதி நின்றுவிட்டாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும்.

கடையில் ஏமாறாதீர்கள்: ஓஆர்எஸ் என்று பெயர் போட்ட இனிப்புப் பானங்கள் விற்றுக்கொண்டிருந்தன. பானங்களின் பெயரில் அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பானத்தை நம்பாமல் மருந்துப் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு?
* பிள்ளை குடிக்க மாட்டேன் என்கிறது, அல்லது குடிக்க முடியாமல் துவண்டு கிடக்கிறது
* கண் உள்ளே போய்விட்டது
* வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் பழைய நிலைக்குப் போகிறது
* மலத்தில் இரத்தம்
* பல மணி நேரமாக ஒண்ணுக்குப் போகவில்லை
* குடித்ததை எல்லாம் வாந்தி எடுக்கிறது
* 6 மாதத்துக்குள் இருக்கும் கைக்குழந்தை

இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். போகிற வழியிலும் பிள்ளை குடிக்கிற நிலையில் இருந்தால் கொடுத்துக்கொண்டே போங்கள்.

6. குழுவில் செய்து பாருங்கள்

ஒரு உருளைக்கிழங்கை விரல் விரலாக நறுக்குங்கள். இரண்டு துண்டை வெறும் தண்ணியிலும், இரண்டு துண்டை 3 ஸ்பூன் உப்புக் கரைத்த தண்ணியிலும் போடுங்கள். கூட்டம் தொடங்கும்போது போட்டு, முடியும்போது எடுத்து வளைத்துப் பாருங்கள். ஒன்று விறைப்பாக ஒடியும். இன்னொன்று துவண்டு வளையும். ஏன் என்று ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்.

பேச வேண்டிய கேள்விகள்:
1. சர்க்கரை மட்டும் போட்டால் ஏன் பேதி கூடுகிறது?
2. "தண்ணி கொடுத்தா இன்னும் போகும்" என்று நம் ஊரில் இப்போதும் சொல்கிறார்களா? அவர்களுக்கு எப்படி விளக்குவீர்கள்?
3. நம் குழுவில் எத்தனை வீட்டில் இன்றைக்கு ஓஆர்எஸ் பாக்கெட் இருக்கிறது? எண்ணித் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

அந்தக் கூட்டத்தில் இதையெல்லாம் கரும்பலகையில் வரைந்து சொல்லி முடித்த பிறகு, அந்த வயசான அம்மா எழுந்து வந்தார். ஒரு லிட்டர் தண்ணி இருந்த பாத்திரத்தை வாங்கி, தலைதட்டிய ஸ்பூனால் ஆறு தடவை எண்ணிச் சர்க்கரை போட்டார். அரை ஸ்பூன் உப்புப் போட்டார். கலக்கி, நாக்கில் வைத்துப் பார்த்தார். "சரியா இருக்கா?" என்று பக்கத்தில் இருந்த தங்கச்சியிடம் நீட்டினார்.

அவள் குடித்துப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கும்மா" என்றாள்.

இப்போது அந்தக் குழுவில் புதுசாகப் பிள்ளை பெற்ற வீட்டுக்கெல்லாம் போய்க் கலக்கிக் காட்டுவது அந்த அம்மாதான். உங்கள் குழுவில் யார் போகப் போகிறார்கள்? இந்தக் கூட்டத்திலேயே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.